அழுதுகொண்டே நம்பலாமா? – கேள்வி பதில்

நான் திருநெல்வேலிப் பக்கம். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு மிஷன் மருத்துவமனையில் ஆற்றுப்படுத்துநராக வேலை பார்த்தேன். ஐ.சி.யூ. வாசலிலும் பிணவறை வாசலிலும் உட்கார்ந்திருந்த நேரமே அதிகம். 2009இல் என் மூத்த மகனைச் சாலை விபத்தில் பறிகொடுத்தேன். அதனால் இங்கே நான் சொல்வதில் படித்தது பாதி, பட்டது பாதி. கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: ஸ்தோத்திரம் அக்கா. என் கணவர் கணையப் புற்றுநோயில் நான்கே மாதத்தில் போய்விட்டார். நினைவு நாள் கூட்டத்தில் வாய்விட்டு அழுதேன். "விசுவாசிகள் இப்படி அழலாமா, அவர் பரலோகத்தில் அல்லவா இருக்கிறார்" என்று சபையில் ஒருவர் சொன்னார். அன்றிலிருந்து ஆலயத்தில் அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நெஞ்சு வலிக்கிறது.

அழுங்கள் அம்மா. அடக்க வேண்டாம்.

உங்களிடம் அப்படிச் சொன்னவர் பவுல் அப்போஸ்தலர் தெசலோனிக்கேயருக்கு எழுதிய நிருபத்தை மனதில் வைத்துத்தான் சொல்லியிருப்பார். அந்த வசனத்தைப் பாதியில் நிறுத்திவிடுகிறோம். நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் எழுதினார். துக்கிக்கவே வேண்டாம் என்று அவர் எழுதவில்லை. இறந்துபோன நண்பன் லாசருவின் கல்லறைக்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். இன்னும் சற்று நேரத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்பது ஆண்டவருக்குத் தெரியும். தெரிந்தும், "இயேசு கண்ணீர் விட்டார்" என்று யோவான் எழுதி வைத்திருக்கிறார். உயிர்த்தெழுதல் உறுதி என்று அறிந்தவரே அழுதார் என்றால், நீங்கள் அழுவதை விசுவாசக் குறைவு என்று யார் சொல்ல முடியும்?

மொத்தமுள்ள 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13ஆம் சங்கீதம் ஆரம்பிக்கிறது. அது கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். 88ஆம் சங்கீதம் திரும்பவே திரும்பாது. அறிமுகமானவர்கள் எல்லாரும் மறைந்துபோனார்கள் என்ற வரியோடு இருட்டில் முடிந்துவிடும். வேதாகமத்தைத் தொகுத்தவர்கள் அதை நீக்கவில்லை, ஆறுதலாக ஒரு வரியை ஒட்டவும் இல்லை. என் மகன் போன புதிதில் என்னால் வாசிக்க முடிந்த ஒரே சங்கீதம் அதுதான். அவன் செருப்பு எட்டு மாதம் வாசலிலேயே கிடந்தது. பெருக்கும்போது எடுத்து ஓரமாக வைப்பேன், பெருக்கி முடித்ததும் பழைய இடத்திலேயே, அவன் கழற்றிப் போட்ட அதே கோணத்தில் திரும்ப வைப்பேன். எங்கள் ஐயரம்மா, அதாவது போதகரின் மனைவி, ஒருநாள் வந்தவர் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல், அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் தன் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அவர் அன்று ஒரு வசனம்கூடச் சொல்லவில்லை. இத்தனை ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த பெரிய ஆறுதல்களில் அது ஒன்று.

நெஞ்சு வலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். துக்கத்தில் அப்படி இருக்கும்தான். ஆனாலும் ஒருமுறை மருத்துவரைப் பார்த்து ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். இந்த வாரமே.

கேள்வி: அம்மா, நாங்கள் குமரி மாவட்டத்தில் சின்னத்துறைப் பக்கம். ஒக்கிப் புயலில் என் அண்ணன் போன படகு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் ஊரே கல்லறைத் தோட்டத்தில் பூ வைத்து மெழுகுதிரி ஏற்றும். எங்கள் அம்மா மட்டும் வீட்டிலேயே இருந்துவிடுவார். "எனக்குத்தான் கல்லறையே இல்லையே" என்பார். இன்னும் அண்ணனுக்கு இறந்தோர் திருப்பலி (கத்தோலிக்கப் பூசை) ஒப்புக்கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. செய்தால், நானே அவனைக் கொன்றதாகிவிடும் என்கிறார்.

இந்தக் கேள்வியை வாசித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதவே முடியவில்லை, தம்பி.

2017 நவம்பர் 30ஐ உங்கள் கரையில் யாரும் மறந்திருக்க முடியாது. ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிக்கிறவர்கள் நீங்கள். புயல் வருகிற செய்தி பலருக்குப் போய்ச் சேரவே இல்லை. தேடச் சொல்லிக் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் தண்டவாளத்தில் உட்கார்ந்தீர்களே, அதையும் நான் ஜெபமாகத்தான் பார்க்கிறேன். "எங்கே என் பிள்ளை" என்ற சத்தம் வானத்துக்கும் சேர்த்துத்தான் போயிருக்கும்.

உங்கள் அம்மாவுக்கு நடப்பதை உளவியலில் தெளிவற்ற இழப்பு என்பார்கள். பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர், வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களைப் பார்த்து அதற்கு அந்தப் பெயரைக் கொடுத்தார். உடல் கண்ணுக்கு முன்னால் இருந்தால் மனம் மெல்ல மெல்ல ஏற்றுக்கொள்ளத் தொடங்கும். உடல் இல்லையென்றால் கதவை மூடவும் முடியாது, திறந்து வைத்துக்கொண்டு தூங்கவும் முடியாது. இது அம்மாவின் பிடிவாதம் இல்லை, விசுவாசக் குறைவும் இல்லை. நடந்த சம்பவமே அப்படிப்பட்டது. ஆகவே "அவன் இறந்துவிட்டான், ஒத்துக்கொள்" என்று யாரும் அவரை நெருக்க வேண்டாம். "வந்தாலும் வருவான்" என்று ஏற்றிவிடவும் வேண்டாம். "எங்கே இருந்தாலும் அவன் ஆண்டவர் கையில் இருக்கிறான்" என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டு நிலைக்கும் பொருந்துகிற உண்மை அது ஒன்றுதான்.

நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) காரி, கத்தோலிக்கர் அல்ல; திருப்பலி முறைகளை உங்கள் பங்குத்தந்தையிடம்தான் கேட்க வேண்டும். உடல் இல்லாமலே இறந்தோருக்காகத் திருப்பலி நிறைவேற்றலாம் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதை இப்போதே செய்ய வேண்டும் என்பதில்லை. முதலில் அண்ணனுக்காக வழக்கமான ஒரு திருப்பலியில் வேண்டுதல் கருத்து கொடுங்கள், பெயரை மட்டும் வாசிக்கட்டும். அடுத்த நவம்பர் 2 மாலையில் அம்மாவைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள். கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள். காற்றில் மெழுகுதிரி நிற்காது, மணலில் சிறு குழி தோண்டி அதற்குள் ஏற்றி வையுங்கள். உங்கள் ஊரில் இப்படிக் கல்லறை இல்லாத வீடுகள் இன்னும் இருக்கும் அல்லவா, அவர்களையும் அழையுங்கள்.

வெளிப்படுத்தின விசேஷம் 20ஆம் அதிகாரத்தில் ஒரு வரி இருக்கிறது: "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது." உள்நாட்டில் இருக்கிற எங்களுக்கு அது வாசித்துவிட்டுக் கடந்துபோகிற வரி. உங்கள் அம்மாவுக்காகவே எழுதியதுபோல எனக்கு இன்று தோன்றுகிறது. எடுத்ததைக் கடல் தன்னிடமே வைத்துக்கொள்ள முடியாது, ஒருநாள் ஒப்புவித்தே ஆக வேண்டும். அம்மா கேட்கிற மனநிலையில் இருக்கும்போது மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். இப்போது வேண்டாம் என்றால் வேண்டாம்.

கேள்வி: மூன்றாவது முறையும் கரு கலைந்துவிட்டது. எந்தப் பாவத்துக்கு இந்தத் தண்டனை என்று மாமியார் வீட்டில் கேட்கிறார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது.

எந்தப் பாவத்துக்கும் இல்லை, மகளே. பிறவிக் குருடனைக் காட்டி "யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா" என்று சீஷர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்று இயேசு சொல்லிவிட்டார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோதும், அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு மறுத்தார். மூன்று முறை என்றால் மருத்துவக் காரணம் தேட வேண்டும். இரத்தம், ஹார்மோன், கருப்பை அமைப்பு, இருவருடைய மரபணு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கணவரும் கூட வரட்டும். அந்த மூன்று பிள்ளைகளுக்காகவும் நீங்கள் அழலாம். பெயர் வைக்க மனமிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். இந்த முறை கை முறிந்தது. அம்மா வீட்டில் இருக்கிறேன். ஏழெழுபது தரம் மன்னிக்க இயேசு சொல்லியிருக்கிறாரே, திரும்பிப் போ என்று போதகர் சொல்கிறார். போகாவிட்டால் நான் மன்னிக்காதவள் ஆகிவிடுவேனா?

ஆக மாட்டீர்கள். போகாதீர்கள்.

மன்னிப்பது வேறு, திரும்ப நம்புவது வேறு. யோசேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தன்னை விற்றுப்போட்ட அண்ணன்மார் எகிப்தில் வந்து நின்றபோது, அவர்களைக் கண்டதும் அவன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. யாரென்று காட்டிக்கொள்ளாமல் சோதித்தான். தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று யூதா முன்னால் வந்து நின்றதைக் கண்ட பிறகே சத்தமிட்டு அழுது தன்னை வெளிப்படுத்தினான். அவன் உள்ளே எப்போது மன்னித்தான் என்று நமக்குத் தெரியாது, வெளியே வாசலைத் திறந்தது அவர்கள் மாறியதைப் பார்த்த பிறகு. உங்கள் கணவர் குடியை விடச் சிகிச்சைக்குப் போனாரா? கை முறிந்ததற்குத் தன் தவறு என்று உங்கள் பெற்றோர் முன்னால் சொன்னாரா? மாதக்கணக்கில் அதில் நிலைத்து நின்றாரா? இவை எதுவும் இல்லாமல் உங்களை அனுப்பி வைப்பதை மன்னிப்பு என்று அழைப்பது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது.

181 பெண்களுக்கான உதவி எண், இரவு பகல் எந்நேரமும் பேசலாம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். எலும்பு முறிவுக்கான மருத்துவச் சீட்டையும் எக்ஸ்ரேயையும் பத்திரமாக வைத்திருங்கள். மன்னிப்பு தானாக ஒருநாள் கனியும். கட்டு பிரிக்காத கையோடு அதற்கு அவசரப்பட வேண்டாம்.

கேள்வி: வயது 23. எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்தார். ஜெபித்தால் போதும், மாத்திரை அவிசுவாசம் என்று வாலிபர் கூட்டத்தில் சொன்னதால் நிறுத்திவிட்டேன். இப்போது செத்துவிடலாம் போலிருக்கிறது.

தம்பி, மீதி எதையும் வாசிப்பதற்கு முன்னால் 14416க்குப் பேசு. டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். பிறகு வீட்டில் ஒருவரிடம், "எனக்குச் சாகத் தோன்றுகிறது" என்று இதே வார்த்தைகளில் சொல். இன்று இரவு தனியாகப் படுக்காதே. நாளைக் காலையில் அந்த மருத்துவரிடம் போய், நிறுத்திவிட்டதைச் சொல். அவர் உன்னைத் திட்ட மாட்டார்.

தீர்க்கதரிசி எலியாவை உனக்குத் தெரியும். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கிய அதே மனிதர், சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றார். கர்த்தர் அவரை அவிசுவாசி என்று கடிந்துகொள்ளவில்லை. ஒரு தூதனை அனுப்பினார். தூதன் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் தூங்கினார். மறுபடியும் தட்டி எழுப்பிச் சாப்பாடு. பேச்செல்லாம் அதற்குப் பிறகு, ஓரேப் மலையில். சோறு, தூக்கம், மருந்து ஆகியவற்றை ஆண்டவர் தம்முடைய வேலைக்குள்ளேயே சேர்த்திருக்கிறார். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற போதகர்கள் எத்தனை பேரை எனக்குத் தெரியும்! மூளைக்கு மட்டும் ஏன் கூடாது?

கேள்வி: சிறுவயதில் ஞாயிறு பள்ளி ஆசிரியர் ஒருவர் என்னிடம் தவறாக நடந்தார். இப்போது எனக்கு 35. வெளியே சொன்னால் சபையின் பெயர் கெடும் என்று அம்மா அப்போதே வாயை அடைத்துவிட்டார். ஆலயத்துக்குள் போனாலே கை நடுங்குகிறது.

தாவீது ராஜாவின் மகள் தாமாருக்கும் இதுதான் நடந்தது. அவளைக் கெடுத்தவன் வேறு தாய்க்குப் பிறந்த அண்ணன் அம்னோன். "நீ மவுனமாயிரு, அவன் உன்னுடைய சகோதரன்" என்றான் அவளுடைய உடன்பிறந்த அண்ணன் அப்சலோம். குடும்பத்தின் பெயரைக் காப்பாற்றும் பேச்சு மூவாயிரம் ஆண்டுகளாக மாறவே இல்லை. அவளுடைய பெயரையும், அவளுக்கு நடந்ததையும், அவள் சாம்பலைத் தலையில் போட்டு அழுதுகொண்டே போனதையும் வேதம் எழுதி வைத்துவிட்டது. ஆகவே சொல்வது பாவமல்ல. கை நடுங்கினால் சிறிது காலம் ஆலயத்துக்குப் போக வேண்டாம், ஆண்டவர் வீட்டுக்கு வருவார். அதிர்ச்சிக் காயங்களுக்குப் பயிற்சி பெற்ற ஓர் உளவியல் ஆலோசகரைத் தேடுங்கள்.

ஒன்று கேட்கிறேன். அந்த மனிதர் இன்றும் எங்காவது பிள்ளைகளோடு இருக்கிறாரா? இருந்தால், 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். தனியாகச் செய்யத் தெம்பு இல்லையென்றால் எனக்கு மறுபடியும் எழுதுங்கள், கூட நிற்கிறேன்.

கேள்வி: தண்டுவட நோயால் அம்மா ஆறு ஆண்டுகளாகப் படுக்கையில். எத்தனையோ சுகமளிக்கும் கூட்டங்களுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சுகம் கிடைக்கவில்லை. எங்கள் விசுவாசம் போதவில்லையா?

டோனாவூர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் ஒரு குழியில் விழுந்து அடிபட்டவர், 1951 ஜனவரியில் இறக்கும் வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். அவருக்காக ஜெபித்தவர்கள் குறைவா? அவருடைய விசுவாசம் குறைவா? அந்தப் படுக்கையிலிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார். கல்லறையில் கல் வேண்டாம் என்றார். அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அதில் பிள்ளைகள் அவரைக் கூப்பிட்ட "அம்மாய்" என்ற சொல்லை மட்டும் பொறித்திருக்கிறார்கள்.

உயிர்த்தெழுந்த இயேசுவின் கைகளில் ஆணிக் காயம் அப்படியே இருந்தது. சந்தேகப்பட்ட சீஷன் தோமாவுக்கு அதைத்தான் காட்டினார். அம்மாவை இனி எங்கும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடுங்கள். யார் பார்த்துக்கொள்கிறார்கள், நீங்களா? நீங்கள் கடைசியாக எப்போது முழு இரவு தூங்கினீர்கள்? அதையும் எழுதுங்கள்.

கேள்வி: நான் இந்து. என் நெருங்கிய தோழி கிறிஸ்தவர், போன வாரம் அவருடைய மகள் இறந்துவிட்டாள். எனக்கு வேத வசனம் எதுவும் தெரியாது. போய் என்ன பேசுவது?

வேதாகமத்தில் யோபு என்று ஒருவன், பிள்ளைகளையெல்லாம் இழந்தவன். அவனுடைய நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது, கடைசியில் கர்த்தருக்கே அவர்கள்மேல் கோபம் வந்தது. நீங்கள் போங்கள். சாப்பாடு எடுத்துக்கொண்டு போங்கள், பாத்திரத்தைத் திரும்பக் கேட்காதீர்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், அந்தப் பெயரை மற்றவர்கள் சொல்லத் தயங்குவார்கள். பதினாறாம் நாளோ நாற்பதாம் நாளோ கூட்டமெல்லாம் கலைந்த பிறகு மறுபடியும் போங்கள். அந்த வாரத்தில்தான் வீடு மிகவும் அமைதியாக இருக்கும்.