ஒரே வயதுள்ள இரண்டு மரங்களில் ஒன்று பூத்துக் குலுங்குகிறது, மற்றது பூப்பதே இல்லை. காரணம் வெயிலா, மரத்தின் பருமனா?

இரண்டும்தான், ஆனால் இரண்டுக்கும் வேலை வேறு. மரம் பூக்கத் தொடங்குமா, பூவுக்கென்று மொத்தம் எவ்வளவு செலவழிக்க அதற்குத் தெம்பு உண்டு என்பதெல்லாம் பருமனைப் பொறுத்தது. அந்தச் செலவு எந்தக் கிளையில் நடக்கும் என்பது வெயிலைப் பொறுத்தது. எனவே மரத்தை மொத்தமாகப் பார்க்காமல் கிளை கிளையாகப் பாருங்கள்.

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: இரண்டும் விதைக் கன்றுகளா, ஒட்டுக் கன்றுகளா? விதையில் முளைத்த மரத்துக்கு இளமைப் பருவம் என்று ஒன்று உண்டு. ஆப்பிளில் அது 5 முதல் 10 ஆண்டுவரைகூட நீளும். அதுவரை எவ்வளவு வெயில் பட்டாலும் பூக்காது. இதில் வயதைவிட வளர்ச்சிதான் கணக்கு. நிழலில் குன்றி நிற்கும் கன்றுக்கு அந்தப் பருவம் இழுத்துக்கொண்டே போகும். ஒட்டுக் கன்று அப்படியில்லை. அதன் குச்சி ஏற்கெனவே பூத்த மரத்திலிருந்து வந்தது, அதனால் இடுப்பளவு இருக்கும்போதேகூட மொட்டு வைக்கலாம். ஒன்று ஒட்டு, மற்றது விதைக் கன்று என்றால் உங்கள் கேள்விக்கு இங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

பருவம் கடந்த மரங்களில், தண்டின் சுற்றளவு இரட்டித்தால் குறுக்குவெட்டுப் பரப்பு 4 மடங்காகும். இலைப்பரப்பும் ஏறக்குறைய அதையொட்டியே கூடும், பூவின் எண்ணிக்கையும் பின்தொடரும். மிகப் பெரிய, வயதான மரங்களில் இந்த ஏற்றம் மட்டுப்படும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: உயர்ந்த மரம் பக்கத்து மரங்களை மீறி வெயிலுக்குப் போய்விடுகிறது. பருமனால் வந்தது என்று நாம் நினைக்கும் பூவில் ஒரு பங்கு உண்மையில் வெயிலால் வந்தது.

வெயிலின் கணக்கு கறாரானது. ஆப்பிளில் திறந்தவெளி வெளிச்சத்தில் சுமார் 30% கூடக் கிடைக்காத கிளைகளில் பூமொட்டு உருவாவது வெகுவாகக் குறையும். 1 சதுர மீட்டர் தரைக்கு மேலே 3 சதுர மீட்டர் இலை அடர்ந்திருந்தால், அடியில் எஞ்சுவது பொதுவாக 20 முதல் 25%தான். நல்ல மரத்தில்கூட உட்கிளைகள் இலையோடு நின்றுவிடுவது இதனால்தான். வெயிலில் இருக்கும் கிளை தன் சர்க்கரையை நிழலில் இருக்கும் கிளைக்குத் தாராளமாக அனுப்புவதில்லை. மொட்டுக்குத் தீனி பெரும்பாலும் பக்கத்து இலைகளிலிருந்துதான். பலா, கோகோ போல அடிமரத்திலேயே பூப்பவை வேறு ரகம், அவற்றுக்கு இந்தக் கணக்கை அப்படியே போடாதீர்கள்.

இன்றைய பூவுக்கு இன்றைய வெயில் மட்டும் காரணமல்ல. ஆப்பிளில் பூமொட்டு முந்தைய கோடையிலேயே உருவாகிவிடுகிறது. இலையுதிர்த்துப் பூக்கும் இலவு, பலாசம் போன்றவை சேமித்த மாவுச்சத்தைக் கொண்டே பூக்கின்றன. போன முறை காய்த்துத் தள்ளிய மரம் இம்முறை ஓய்வெடுப்பதும் உண்டு. காயிலுள்ள விதைகள் வெளிவிடும் கிப்பரெல்லின் என்ற வளர்ச்சி ஹார்மோன் புதுப் பூமொட்டைத் தடுக்கும், சேமிப்பும் கரைந்திருக்கும். ஒரே ஒரு பருவத்தை வைத்து வெயிலைக் குறை சொன்னால் ஏமாறுவது இங்கேதான். குறைந்தது 2 பருவங்கள் பாருங்கள்.

சோதிப்பது எளிது. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் இரண்டு தண்டுகளின் சுற்றளவையும் எடுங்கள். ஒவ்வொரு மரத்தையும் மேல் வெளிப்புறம், கீழ் வெளிப்புறம், உட்புறம் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் 10 கிளைநுனிகளைப் பார்த்து, எத்தனையில் மொட்டு என்று எழுதுங்கள். அதே இடங்களில் காலை, நண்பகல், மாலை என, வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரை வைத்து, அதே நேரத்தில் வெட்டவெளியிலும் அளந்து விகிதம் போடுங்கள். ஒற்றை அளவீட்டை நம்ப வேண்டாம், இலையிடுக்கில் விழும் ஒரு வெயில் பொட்டு கணக்கையே புரட்டிவிடும். இரண்டு மரங்களிலும் வெயில் படும் நுனிகள் ஒரேபோலப் பூத்து, உட்புறம் மட்டும் வேறுபட்டால் குற்றவாளி நிழல். நல்ல வெயில் படும் நுனியும் பூக்கவில்லை என்றால் இளமைப் பருவம், போன பருவக் காய்ப்பு, அளவுக்கு மீறிய தழைச்சத்து ஆகிய மூன்றில் ஒன்றைத் தேடுங்கள்.

நிழல்தான் என்று தெரிந்தால் நடுவே உள்ள குறுக்குக் கிளைகளை அடியோடு எடுங்கள். நுனிகளை வரிசையாகக் கத்தரித்தால் வெட்டிய இடத்தில் கொத்தாகத் தளிர் வெடித்து உட்புறம் முன்னைவிட இருளும், நுனியில் பூக்கும் இனங்களில் அந்தப் பருவத்துப் பூவும் போய்விடும். ஒரு முறைக்கு மொத்தக் கிளைகளில் நாலில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். திடீரென்று வெயில் படும் பட்டை வெந்து வெடிக்கும், திறந்த கிளைகளுக்குச் சுண்ணாம்பு பூசிவிடுங்கள். ஆப்பிள் போன்றவற்றில் பலன் அடுத்த பருவத்தில்தான் தெரியும்.