பத்து நாள் கோபம், மூன்று வருடக் கெடு

அன்புள்ள அண்ணாச்சி,

2025 மே மாதம் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் கேரளக் கடலில் மூழ்கியபோது குமரிக் கரையில் பிளாஸ்டிக் மணிகள் வந்து ஒதுங்கின. இங்கே மீன் எடுக்க வருகிறவர்கள் “எண்ணெய் பட்ட மீனா?” என்று கேட்டுவிட்டு வெறுங்கூடையோடு திரும்பினார்கள். டிவியில் கொஞ்ச நாள் அதே பேச்சு. அப்புறம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. அமெரிக்காவில் இப்படி நடந்தால் சட்டத்தையே மாற்றிவிடுகிறார்களாமே? நம் சனங்களுக்குத்தான் மறதியா? இதையெல்லாம் எழுதி என்ன பயன்?

பெயர் வேண்டாம், உவரி

அன்புள்ள தம்பி,

மறதியில் நமக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதின. பெரிய பாதிப்பு ஒன்றும் இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு கரையெல்லாம் கருங்கூழாக எண்ணெய். மீனவர்களும் மாணவர்களும் அதை வாளியில் அள்ளினார்கள். நாடே அந்த வாளியைப் பார்த்துக் கோபப்பட்டது. பிப்ரவரி 7 இரவு ஓ.பன்னீர்செல்வம் மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தின் முன் கண்மூடி உட்கார்ந்தார். கேமராக்கள் அங்கே ஓடின, அங்கிருந்து கூவத்தூருக்கு. ஆக மொத்தம் பத்து நாள்.

அமெரிக்காவில் 2010-ல் மெக்சிகோ வளைகுடாக் கிணறு வெடித்து 11 பேர் இறந்தார்கள். 87 நாள் எண்ணெய் பொங்கியது. கடலடிக் கேமரா வழியாக உலகமே பார்த்தது. எண்ணெய்க் கம்பெனிகளிடம் ராயல்டி வசூலித்த அலுவலகமேதான் அவர்களின் பாதுகாப்பையும் மேற்பார்த்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டு அதைப் பிரித்தார்கள். ஆனால் கிணற்றுப் பாதுகாப்புக்கான விரிவான விதி வர 2016 ஆனது. 2019-ல் அதையும் தளர்த்திவிட்டார்கள். அந்த வேளையில் கேமரா எதுவும் ஓடவில்லை.

எனக்கு அதைவிட அலாஸ்காதான் முக்கியமாகப் படுகிறது. 1989 மார்ச்சில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் பாறையில் ஏறி, சுமார் 1.1 கோடி காலன் எண்ணெய் கொட்டியது. வருடக்கணக்காக முடங்கிக் கிடந்த எண்ணெய்க் கசிவு மசோதா மறு ஆண்டே சட்டமானது. எண்ணெய்க் கப்பல்களின் உடலுக்கு இரட்டைச் சுவர் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பகுதி. பலர் படிக்காத ஒரு பகுதியும் அதில் உண்டு. துறைமுகத்தையும் கப்பல் போக்குவரத்தையும் கண்காணிக்க வேண்டிய கம்பெனிக்காரர்களும் அரசு ஆட்களும் மெத்தனமாக இருந்ததும் விபத்துக்கு ஒரு காரணம் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். அந்த மெத்தனம் திரும்ப வராமல் இருக்க ஒரு குடிமக்கள் குழு. மீனவர்கள், பழங்குடி ஊர்கள், கரையோர நகரங்கள் எல்லோருக்கும் அதில் இடம். செலவு எண்ணெய்க் கம்பெனியின் தலையில், ஆனால் குழு அவர்கள் சொல்படி ஆடாது. இன்றும் அது கூடுகிறது. எண்ணெய்க் கிட்டங்கியின் பராமரிப்பு, இழுவைப் படகு என்று யாருக்கும் சுவாரசியப்படாத விஷயங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. சனம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சனம் பார்க்காத நாட்களுக்கு ஆள் போட்டுவிட்டார்கள்.

நம் பக்கம் என்ன நடந்தது? 2020 ஜனவரி 16, மாட்டுப்பொங்கல் அன்று, எண்ணெய், எரிவாயு தேடித் துளையிடும் பணிக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று மத்திய அரசு விதியைத் திருத்தியது. டெல்டாவில் சத்தம் எழுந்தது. அடுத்த மாதமே, டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுக்கும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. நல்லதுதான், ஆனால் அது நிலத்துக்கு. குமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் எண்ணெய் தேட ஓஎன்ஜிசிக்குத் தொகுதிகள் கொடுத்திருக்கிறார்களே, அந்தக் கடலுக்கு அப்படி ஒரு வேலி கிடையாது. இடிந்தகரை, கூத்தென்குழி, உவரி ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

கேரள அரசு எல்சா 3 விவகாரத்தில் 9,531 கோடி ரூபாய் கேட்டு உயர் நீதிமன்றம் போய், அதே குழுமத்தின் வேறொரு கப்பலை விழிஞ்ஞத்தில் பிடித்து நிறுத்த உத்தரவு வாங்கியது. அங்கே வெறும் கோபம் செல்லாது, கணக்கு கேட்பார்கள். நம் கரையில் கணக்கு எப்படி இருக்கிறது? மடிவலை கரை ஏறியதும் ஏலம். ஏலம் விடுகிறவர் சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் ‘சாளை 3 கூடை’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு பெயர், ஒரு தொகை. சாயங்காலம் பணம் கைமாறியதும் அட்டை அடுப்புக்குப் போகிறது. வெறுங்கூடையோடு திரும்பிப் போனார்கள் என்கிறீர்கள், நான் நம்புகிறேன். நீதிமன்றம் நம்ப, முந்தைய வருடம் அதே மாதம் எத்தனை கூடை போனது என்று காட்ட வேண்டும்.

கப்பலின் எரிபொருள் எண்ணெய் கசிந்தால் இழப்பீடு கேட்பதற்கான சர்வதேச ஒப்பந்தத்தில் இந்தியா 2015-ல் சேர்ந்தது. இழப்பு நேர்ந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போடலாம். பிளாஸ்டிக் மணி அதில் வராது, அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும். டிவி பத்து நாளில் எழுந்து போய்விடும், சட்டம் மூன்று வருடம் உட்கார்ந்திருக்கிறது. அட்டையை எரிக்காமல் வைத்திருந்தவனுக்குத்தான் அந்த மூன்று வருடத்தால் லாபம்.

எழுதிப் பயன் உண்டா என்று கேட்டீர்கள். என் கட்டுரையை விட உங்கள் மனுவுக்குப் பயன் அதிகம். அடுத்த மீனவர் குறைதீர் கூட்டத்துக்குக் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்குப் போகும்போது இதைக் கேட்டு எழுதிக் கொடுங்கள்: கடலில் எண்ணெய் என்றால் கடலோரக் காவல் படை வரும், கரைக்கு வந்துவிட்டால் மாநில நிர்வாகத்தின் பொறுப்பு, நம் மாவட்டத்தில் அதற்கான திட்டம் எங்கே இருக்கிறது, முதலில் யாருக்குப் போன் போட வேண்டும், அதில் மீனவருக்கு இடம் உண்டா? ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் நகலை எனக்கு அனுப்புங்கள், இங்கே போடுகிறேன்.