லேசான உடல் உபாதையை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

'சின்ன வலிதான், ஆனால் ஆங்கிலத்தில் சொன்னால் பெரிய நோய்போல் ஒலிக்கிறது. எப்படித் தணித்துச் சொல்வது?' என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதில் சூடுபட்டவன்தான். கழுத்துப் பிடித்துக்கொண்ட ஒரு காலையில், விடுப்புக் கேட்டு 'சிவியர் பெயின்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். ஆம்புலன்ஸ் வேண்டுமா என்று மேலாளர் பதறிப்போய் அழைத்தார். 'மை நெக் இஸ் எ பிட் ஸ்டிஃப்' என்றிருந்தால் போதும்.

கடுக்கிறது, உறுத்துகிறது, பிசைகிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது என்று தமிழில் வினைச்சொல்லே வலியின் தரத்தைச் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் இந்த வேலையைப் பெரும்பாலும் முன்னால் நிற்கும் குட்டிச் சொல் பார்த்துக்கொள்கிறது. 'எ பிட்', 'எ லிட்டில்', 'ஸ்லைட்லி' மூன்றும் அளவைக் குறைப்பவை. கடைசியதில் கொஞ்சம் ஏட்டு வாசனை. 'எ பிட்' பெரும்பாலும் குறையோடுதான் ஒட்டும். 'எ பிட் டயர்ட்' சரி. 'எ பிட் கம்ஃபர்டபிள்' என்றால் காதில் இடிக்கும்.

'கைண்ட் ஆஃப்', 'சார்ட் ஆஃப்' வேறு ரகம். வலி குறைவு என்பதைவிட, சரியான சொல் அகப்படவில்லை என்பதையே அவை காட்டுகின்றன. நம்முடைய 'ஒரு மாதிரி இருக்கிறது' இதுதான். வயிற்றை என்னவோ செய்கிறதா? 'மை ஸ்டமக் ஃபீல்ஸ் கைண்ட் ஆஃப் ஆஃப்' என்று சொல்லிவிடலாம் (கடைசி 'ஆஃப்', off, 'சரியில்லை' என்ற பொருளில்).

'க்வைட்' பக்கம் மட்டும் போகாதீர்கள். அமெரிக்கர் வாயில் அது 'மிகவும்'. பிரிட்டிஷ்காரர் வாயில் பல நேரம் 'ஓரளவு'.

பிரிட்டிஷ்காரர்களின் அடக்கம் தனிக் கதை. 1982 ஜூன் 24 அன்று ஜாவா அருகே எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்த பிரிட்டிஷ் விமானத்தின் கேப்டன் எரிக் மூடி பயணிகளிடம், ஒரு சிறு பிரச்சினை, நான்கு என்ஜின்களும் நின்றுவிட்டன என்று அறிவித்தார். நல்லவேளை, பத்திரமாகத் தரையிறக்கியும் விட்டார்.

மருத்துவரிடம் இந்த அடக்கம் உதவாது. நோயாளியின் வலியை அளக்க 1975இல் உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக் வெளியிட்ட மெக்கில் வலி வினாப்பட்டியலில், வலியின் கடுமைக்கு ஐந்து படிகள் உண்டு. 'மைல்ட்' முதல் படி. நாம் மென்மை என்று நினைக்கும் 'டிஸ்கம்ஃபர்ட்டிங்' அதற்கும் மேலே, இரண்டாவது. எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, குத்தலா எரிச்சலா என்று நேராகச் சொல்லுங்கள். அதுவும் நெஞ்சை அடைக்கும்போது 'எ பிட் டைட்' என்று மரியாதை காட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.