நீர்ப் பரிசோதனை நன்றாக வந்தால் ஏரி மீனை உண்ணலாமா?

வணக்கம். உங்கள் ஏரியின் நீர்ப் பரிசோதனையில் குறையொன்றும் இல்லை என்றும், கருவுற்றிருக்கும் உங்கள் மனைவிக்கு அங்கே பிடிக்கும் பெரிய மீனை நன்றாக வேகவைத்துக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குத் தயவுசெய்து கொடுக்க வேண்டாம்.

நீரில் மிகச் சொற்பமாக இருக்கும் பாதரசம்கூட, அடிச்சேற்றின் நுண்ணுயிரிகளால் மெத்தில் பாதரசம் என்னும் கொடிய நச்சு வடிவமாக மாறி, பாசியிலிருந்து சிறு மீனுக்கும், அதைத் தின்னும் பெரிய மீனுக்கும் படிப்படியாகச் செறிந்து, நீரில் உள்ளதைப்போல் பல லட்சம் மடங்கு தசையில் தங்கிவிடக்கூடும். ஆகவே தண்ணீருக்குக் கிடைத்த சான்று மீனுக்குச் சான்றாகாது. மெத்தில் பாதரசம் மீனின் தசைப் புரதத்தோடு பிணைந்திருப்பதால் வேகவைத்தாலும், பொரித்தாலும், தோலை உரித்தாலும் நீங்காது. இந்த நச்சு சேர்ந்த மீனை உண்டதால் வந்து, 1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் கண்டறியப்பட்ட நோயில், தமக்குப் பெரிதாக அறிகுறி இல்லாத தாய்மார்களுக்கும் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகள் பிறந்தார்கள். நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு அதுவே காரணம்.

கரையோரம் பச்சை ஏடு படர்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது நீலப்பசும் பாசியாக இருந்தால், அதன் நச்சு பெரும்பாலும் மீனின் ஈரலிலும் குடலிலும் சேரும், கொதிக்கவைத்தாலும் அழியாது. ஏடு முழுவதும் மறையும்வரை வீட்டில் யாருமே அம்மீனை உண்ணாதிருப்பது நல்லது.

அந்த ஏரி மீனுக்கு உண்ணும் அளவு பற்றிய அறிவுரை ஏதும் உண்டா என்று மீன்வளத் துறையிடம் கேளுங்கள். இல்லையெனில் மீனின் சதையையே பாதரசப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கர்ப்ப காலத்தில் மீன் நல்ல உணவுதான் என்பதால், அதுவரை நம்பகமான வேறிடத்துச் சிறு மீன்களைக் கொடுங்கள்.