கச்சான் வேரில் முடிச்சு – கடிதம்

வணக்கம் ஐயா,

மூதூரில் எங்கள் மேட்டுக்காணி பல வருடம் பற்றையாகக் கிடந்தது. துப்புரவாக்கிக் கச்சான் போட்டோம். செடியைப் பிடுங்கினால் வேர் நிறைய முடிச்சு. பக்கத்துக் காணிக்காரர் புழு என்கிறார். மகள் பள்ளிப் புத்தகத்தைக் காட்டி, நைதரசன் பிடிக்கும் பற்றீரியா என்கிறாள். கச்சான் தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிர்தானே? அதன் பற்றீரியா யாரும் போடாமல் இங்கே எப்படி வந்தது?

ப., மூதூர்

அன்புள்ள ப.,

மகள் பக்கம்தான் நியாயம் இருக்கும் போலிருக்கிறது. ஒரு முடிச்சை விரலால் தட்டிப் பாருங்கள். வேரைவிட்டுக் கழன்று வந்தால் பற்றீரியா. வேரே வீங்கித் தடித்திருந்தால் வட்டப்புழு. நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அந்தச் சிவப்பு நம் இரத்தத்து ஹீமோகுளோபினுக்கு உறவு. நைதரசன் பிடிக்கும் நொதியம் ஒட்சிசன் பட்டால் கெட்டுவிடும் என்பதால் அங்கே அந்தச் சிவப்புப் பொருள்தான் காவல்.

கச்சான் ஆள் பார்த்துச் சேர்கிற செடி அல்ல. பிரேடிரைசோபியம் என்ற மண் பற்றீரியாக் கூட்டத்தில் பலரையும் ஏற்றுக்கொள்ளும். கௌபிக்கும் பயறுக்கும் முடிச்சுப் போடுவதும் அதே கூட்டம்தான். பற்றைக்குள் காட்டு அவரையினச் செடி ஏதாவது இருந்திருக்கும், அது போதும். பல பயறினங்களில் பற்றீரியா வேர்மயிர் வழியாக நுழையும். கச்சானிலோ பக்கவேர் வெடித்து வெளிவரும் இடுக்கால் நுழைகிறது. உங்கள் முடிச்சுகளும் பக்கவேர்களின் அடியில்தான் இருக்கும், பாருங்கள்.

எனக்குப் பிடித்த விஷயம் இனித்தான். முடிச்சுப் போடும் திறமை ஒரு பற்றீரியாவின் குலச்சொத்து அல்ல, கைமாறக்கூடியது. நியூசிலாந்தில் லோட்டஸ் என்ற தீவனப் பயிரை ஒரே வகைப் பற்றீரியா கலந்து விதைத்தார்கள். ஏழு வருடம் கழித்து முடிச்சுகளைத் திறந்தால் உள்ளே பல வகை. சுமார் 5 இலட்சம் எழுத்து நீளமான டிஎன்ஏ துண்டு ஒன்று, விதையோடு வந்த பற்றீரியாவிடமிருந்து மண்ணிலிருந்த உள்ளூர்ப் பற்றீரியாக்களுக்கு அப்படியே போயிருந்தது. செடியை அழைக்கும் பரம்பரையலகுகளும் நைதரசன் பிடிப்பவையும் அதிலேயே இருந்தன. இந்தக் கைமாற்றத்தை 1995இல் முதலில் வெளியிட்டார்கள்.

ஆனால் துண்டு கிடைத்தால் மட்டும் போதாது. தக்காளியை வாடவைக்கும் ரால்ஸ்டோனியா என்ற பற்றீரியாவுக்கு, தொட்டாற்சிணுங்கியில் முடிச்சுப் போடும் கூட்டாளிப் பற்றீரியாவிடமிருந்து இந்தப் பரம்பரையலகுகளை ஆய்வுகூடத்தில் கொடுத்தார்கள். தாக்கும் ஆயுதத்தை முடக்கும் பிறழ்வு வந்த பிறகே அது தொட்டாற்சிணுங்கியில் முடிச்சுப் போட்டது. அப்புறமும் செடிக்கு நைதரசன் கொடுக்கவில்லை. குடிவந்தது, வாடகை தரவில்லை!

யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். கூடினால் செடி முடிச்சுப் போடுவதையே குறைத்துவிடும். அடுத்து சோயா போடும் யோசனை இருந்தால் கதை வேறு. அது ஆள் பார்க்கும். முதல் தடவை பற்றீரியா கலந்த விதையைப் போடுவதுதான் நல்லது.