1934 சட்டமா, 2024 சட்டமா: எதை எழுதுவது?

இந்தியாவின் வானூர்திச் சட்டம் பற்றிய உங்கள் கட்டுரையில் எந்தச் சட்டத்தைக் குறிப்பிடுவது என்று கேட்டிருந்தீர்கள். 2024 சட்டத்தையே எழுதுங்கள். 1934ஆம் ஆண்டு வானூர்திச் சட்டம் இப்போது நடப்பில் இல்லை. 2024 சட்டமான பாரதீய வாயுயான் அதினியம் (இந்திய வானூர்திச் சட்டம் என்று பொருள்) 2025 ஜனவரி 1 முதல் அந்த இடத்துக்கு வந்துவிட்டது.

"சட்டம் போய்விட்டது என்றால் 1937 விதிகளை ஏன் இன்னும் மேற்கோள் காட்டுகிறார்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். குழப்பம் அங்கேதான் வந்திருக்கும். 'வானூர்திச் சட்டம், 1934' நாடாளுமன்றச் சட்டம். 'வானூர்தி விதிகள், 1937' அதன் கீழ் அரசு போட்ட விதிகள். தாய்ச் சட்டம் ரத்தானாலும், புதியதோடு முரண்படாத பழைய விதிகள் தொடரும் என்று 2024 சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். இல்லையென்றால் ஒரே நாளில் விமானி உரிமங்களெல்லாம் அந்தரத்தில் தொங்கியிருக்கும்.

ஒன்று செய்து பாருங்கள். இரண்டு சட்டங்களின் நீண்ட தலைப்பையும் (சட்டம் எதற்காக என்று தொடக்கத்தில் சொல்லும் வரி) பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பழையதில் தயாரிப்பு, உடைமை, பயன்பாடு, இயக்கம், விற்பனை, இறக்குமதி, ஏற்றுமதி. புதியதில் 'வடிவமைப்பு', 'பராமரிப்பு' இரண்டும் சேர்ந்திருக்கும். உங்கள் கட்டுரைக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது என்பது என் எண்ணம்.

அப்புறம், விமானப் பயணத்தில் பெட்டி தொலைந்தால் இழப்பீடு என்ற பகுதியை இதில் கலக்காதீர்கள். அது 1972ஆம் ஆண்டு வான்வழிப் போக்குவரத்துச் சட்டம். விமான நிறுவனங்களின் இழப்பீட்டுப் பொறுப்பு பற்றிய வார்சா (1929), மாண்ட்ரீல் (1999) பன்னாட்டு உடன்படிக்கைகள் அதன் வழியாகத்தான் இங்கே செல்லுபடியாகின்றன. 2025க்கு முன் நடந்த சம்பவத்தை எழுதினால் மட்டும் 1934 சட்டத்தையே குறிப்பிடுங்கள். 1937 விதிகளுக்குப் பதில் புதியவை வரலாம். சமர்ப்பிக்கும் முன் அரசிதழை ஒருமுறை பாருங்கள்.