காசு வாங்காத லோயருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்?

தங்கச்சி,

உங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று பக்கத்தில் இரண்டரைப் பக்கம் பயம். ஆனால் நடுவில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள், அது நல்ல கேள்வி. மகள் சட்டம் படிப்பதில் உங்களுக்கு மறுப்பில்லை. படித்து முடித்ததும் ஹட்டன் கோர்ட்டுக்குப் பக்கத்தில் போர்ட் போட்டு உட்காராமல், ஏழைகளுக்கு இலவசமாக வழக்குப் பேசும் நிறுவனத்தில் சேரப் போகிறேன் என்கிறாளாம். "டீச்சர், காசு வாங்காத லோயருக்கு யார் சம்பளம் கொடுப்பார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அதற்கே பதில் சொல்கிறேன்.

பொதுநலச் சட்ட நிறுவனத்தில் இருக்கும் சட்டத்தரணி மாதச் சம்பளக்காரர். கட்சிக்காரரிடம் ஒரு சதம் வாங்க மாட்டார். நிறுவனம் அவருக்குச் சம்பளம் கொடுக்கும். நிறுவனத்துக்கு நன்கொடையும், பெரும்பாலும் வெளிநாட்டு நிதியும் வரும். அந்த நிதி இரண்டு வருடத் திட்டம், மூன்று வருடத் திட்டம் என்று வருவதால் வேலையும் ஒப்பந்தமாகத்தான் இருக்கும். திட்டம் முடிந்தால் அடுத்த திட்டம் வரும்வரை வயிற்றில் நெருப்பு. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது இலங்கையிலும் பல நிறுவனங்களில் திட்டங்கள் அப்படியே நின்றன. கொழும்பில் கம்பனிகளுக்கு வேலை செய்யும் லோயர் வாங்குவதை உங்கள் மகள் வாங்க மாட்டாள். பட்டினியும் கிடக்க மாட்டாள். இதில் மறைக்க ஒன்றுமில்லை, மகளிடமும் இதை அப்படியே சொல்லுங்கள்.

சரி, அங்கே என்ன வேலை? சினிமாவில் வருவதுபோல் மேசையைத் தட்டிப் பேசுவது மிகக் குறைவு. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா, என் அம்மாவின் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசால் தெரியும்.

அம்மா முப்பத்து நாலு வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர். ஓய்வு பெற்றதும் சேமலாப நிதிக்கு விண்ணப்பம் போட்டோம். பெயர் ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். செல்லம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில்) 'எஸ்' போட்டிருக்கிறது, அடையாள அட்டையில் 'சீ எச்' போட்டிருக்கிறது. பிறப்புப் பதிவிலோ வேறொரு பெயர், கங்காணி வாயில் வந்ததை எழுதியது. ஒரு அலுவலகத்தில் தோட்டத்திலிருந்து கடிதம் கொண்டு வா என்றார்கள், தோட்டத்தில் அந்த அலுவலகத்திலிருந்தே கடிதம் கொண்டு வா என்றார்கள். பதினொரு மாதம் பஸ்ஸுக்குக் கொடுத்த காசே ஒரு தொகை வரும். நான் படித்த டீச்சர், எனக்கே அந்த கதி.

கடைசியில் கோயில் மண்டபத்தில் நடந்த ஒரு சட்ட உதவி முகாமில் சின்னப் பெண் ஒருத்தி உட்கார்ந்து, எல்லாக் கடதாசியையும் வருட வரிசையில் அடுக்கினாள். எந்தக் கடதாசியில் எந்தப் பெயர் என்று ஒரு பக்கத்தில் கோடு போட்டு எழுதினாள். அப்புறம் அந்த எல்லாப் பெயருக்கும் உரியவர் ஒரே ஆள் என்று சத்தியக்கடதாசி எழுதி, சமாதான நீதவானிடம் அம்மாவைக் கைநாட்டு வைக்கச் செய்தாள். ஒன்றரை மணித்தியாலம். அதோடு நிற்காமல், "அம்மா, உங்கள் தோட்டத்தில் இதே பிரச்சினை வேறு யாருக்கு இருக்கிறது?" என்று கேட்டாள்.

பொதுநலச் சட்டம் என்பது அந்தக் கடைசிக் கேள்வியில் இருக்கிறது. அம்மாவின் காசை வாங்கிக் கொடுப்பது சட்ட உதவி. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த அரசின் சட்ட உதவி ஆணைக்குழு செய்வது அதைத்தான்: வசதியில்லாதவருக்கு அவருடைய தாபரிப்பு வழக்கு, அவருடைய காணி வழக்கு. அதுவும் பெரிய வேலை. பொதுநல நிறுவனம் அதே கோப்பை எடுத்து, ஐம்பது பேருக்கு ஏன் இப்படி நடக்கிறது, எந்த அதிகாரி எந்த விதியை மீறுகிறார், ஒரு வழக்கில் அந்த விதியைச் சரிசெய்ய முடியுமா என்று பார்க்கும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போட்டு, அலுவலகத்தில் இருக்கும் பதிவை எழுத்தில் வாங்கும். 14 வேலை நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பதில் வராவிட்டால் மேன்முறையீடு, அதற்கப்புறம் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. வழக்குக்கு முன்னால் இப்படி மாதக்கணக்கில் கடதாசி வேலை இருக்கும். மகளுக்குப் பொறுமை இருக்கிறதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அரிசி புடைக்கும்போது பாதியில் எழுந்து போகிற பிள்ளையா?

பெரிய ஆயுதம் அடிப்படை உரிமை மனு. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையில் நேரே நாட்டின் ஆக மேலான நீதிமன்றமான உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனால் உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த ஒரு மாதம் நம் ஆட்களுக்கு எப்படிப் போகும் தெரியுமா? முதல் வாரம் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடம், இரண்டாம் வாரம் மாவட்டத் தலைவரிடம், மூன்றாம் வாரம் யாரோ ஒரு எம்.பி.யின் ஆளிடம். அதற்குள் தவணை முடிந்துவிடும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு போட்டுவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. கண்டியிலும் பதுளையிலும் அவர்களுக்குப் பிராந்திய அலுவலகம் உண்டு. இதைத் தெரிந்த ஒரு பெண் தோட்டத்துக்குள் இருந்தாலே பாதி வழக்கு பிழைக்கும்.

இன்னொன்று, மகள் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டியது. அந்த மனு அரசின் செயலுக்கு எதிராகத்தான். துரை (தோட்ட மேலாளர்) பேர் (ஒரு நாள் கூலிப் பதிவு) போடவில்லை என்று அடிப்படை உரிமை மனு போட முடியாது. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளுக்குப் போய்விட்டது. காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது. ஆகவே துரைக்கு எதிரான பிரச்சினைக்குத் தொழில் திணைக்களம், தொழில் நியாய சபை. முறைப்பாட்டை எடுக்காத அதிகாரி, சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கும் பொலிஸ், இவர்களுக்கு எதிராக மனு. எந்தக் கதவை எங்கே தட்டுவது என்று பிரித்தறிவதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம். இதைக் கற்காமல் ஆவேசத்தை மட்டும் கொண்டு போனால் முதல் வருடத்திலேயே சோர்ந்துவிடுவாள்.

தோற்கும் வழக்குகளும் நிறைய. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம் தாத்தாமாரை நாடற்றவராக்கியபோது, கேகாலை மாவட்டத்தில் ருவன்வெல்லைத் தொகுதி வாக்காளர் பட்டியலில் பெயர் மறுக்கப்பட்ட கோடாகன்பிள்ளை நீதிமன்றம் போனார். வழக்கு, அப்போது கடைசி மேன்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில்வரை ஏறியது. 1953இல் தோற்றது. அந்தத் தோல்வியைக் கழுவ 1988லும் 2003லும் தனித்தனிச் சட்டம் வர வேண்டியிருந்தது. மறுபக்கம், எப்பாவலயில் பொஸ்பேட் தோண்டும் ஒப்பந்தத்துக்கு எதிரான வழக்கில் 2000ஆம் ஆண்டு அந்த ஊர்வாசிகள் வென்றார்கள். தங்கள் காணியும் குளமும் போகும் என்று மனுப் போட்டவர்களைப் பார்த்து, இது எல்லாருடைய பிரச்சினை, உங்களுக்குத் தனி உரிமையில்லை என்று எதிர்த்தரப்பு வாதாடியது, நீதிமன்றம் ஏற்கவில்லை. முறையான ஆய்வும் சூழல் தாக்க மதிப்பீடும் முடியும்வரை ஒப்பந்தம் நகரக்கூடாது என்று நிறுத்தியது. மகள் சட்டக் கல்லூரிக்குப் போனால் இந்த இரண்டையும் படிப்பாள். இப்போதே வாசிக்கச் சொல்லுங்கள்.

இனிப் படிப்பு. இது சுருக்கம்தான். பல்கலைக்கழகத்தில் சட்டம் கிடைத்தால் அதுவே முதல் தெரிவு: கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம். உயர்தரத்தில் எந்தத் துறை எடுத்திருந்தாலும் கேட்கலாம், அனுமதிக்குத் தேவையான இசட் புள்ளி (உயர்தரப் பெறுபேற்றின் தரப்படுத்திய மதிப்பெண்) மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். நுவரெலியா, பதுளை வெட்டுப்புள்ளியைப் பார்க்காமல் கொழும்பு வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனம் உடைந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். கிடைக்காவிட்டால் புதுக்கடையில் உள்ள இலங்கைச் சட்டக் கல்லூரி, நுழைவுப் பரீட்சை எழுத வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கவே சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்குத் திறமைச் சித்தி தேவை. இல்லையென்றால் இந்த வருடமே திரும்ப எழுதட்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை. திறந்த பல்கலைக்கழகமும் சட்டமாணி நடத்துகிறது, கண்டியில் பிராந்திய நிலையம் உண்டு, வேலை செய்துகொண்டே படிக்கலாம். பட்டம் வாங்கினாலும் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை முடித்து, ஆறு மாதம் மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் பயிற்சி பெற்று, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்தால்தான் வாதாடலாம். பட்டத்தோடு நின்றுவிட்டால் ஆய்வு உத்தியோகத்தராகத்தான் இருப்பாள். திட்டம் முடியும்போது முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவதும் அவர்கள்தான். நான் பிடிவாதமாகச் சொல்வது இந்த ஒன்றை: முழுச் சட்டத்தரணியாகாமல் நிறுவனத்தில் சேர விடாதீர்கள். கையில் தொழில் இருந்தால் நிதி நின்றாலும் அடுத்த நாள் ஹட்டனில் போர்ட் போடலாம். நீங்கள் ஆசைப்பட்ட அதே போர்ட்.

மொழியைப் பற்றி. சட்டக் கல்லூரிப் பரீட்சையை ஆங்கிலத்தில் மட்டும் எழுத வேண்டும் என்று வந்த ஒழுங்குவிதியை 2023 மார்ச்சில் பாராளுமன்றம் தோற்கடித்தது, ஆகவே தமிழிலும் எழுதலாம். நல்லது. ஆனால் தமிழை மட்டும் நம்பி இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது. மலைநாட்டு நீதவான் நீதிமன்றங்களில் பதிவு சிங்களத்தில், உயர் நீதிமன்றத்துக்குப் போகும் மனுக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், அம்மா அழுவது தமிழில். இந்த மூன்றையும் ஒரே வாயில் வைத்திருக்கும் சட்டத்தரணிகள் நம் பக்கத்தில் மிகக் குறைவு. கொழும்பிலிருந்து வரும் கெட்டிக்கார லோயருக்கு 'பேர்' என்றால் என்ன, 'அரைப்பேர்' என்றால் என்ன என்று விளக்க ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். உங்கள் மகளுக்கு அது தேவையில்லை, உங்கள் கூடையைத் தூக்கி வளர்ந்தவள். அவளுக்குச் சிங்களம் எழுதப் படிக்க வருமா? கடைத்தெருச் சிங்களம் போதாது.

துரைமாரோடும் தலைவர்மாரோடும் பகை வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். வரும். பொய் சொல்ல மாட்டேன். நீங்கள் இன்னும் தோட்டத்து லயன் காம்பராவில் (வரிசை வீட்டு அறையில்) இருக்கும்போது மகள் அதே தோட்டத்துக்கு எதிரான கோப்பில் கையெழுத்துப் போடக்கூடாது. நல்ல நிறுவனமே அப்படி விடாது, வேறு ஆளிடம் கொடுக்கும். சேர்வதற்கு முன் அவள் கேட்க வேண்டிய கேள்விகளில் இது ஒன்று. எத்தனை வருடமாக இருக்கிறது, இதுவரை எந்த வழக்கில் ஆஜரானது, கணக்கறிக்கையை வெளியிடுகிறதா என்பதும் கேட்கட்டும். கருத்தரங்கும் படம் எடுப்பதும் மட்டும் நடத்தி 'சட்ட நிறுவனம்' என்று பெயர் வைத்திருப்பவர்களும் உண்டு. கல்யாணத்தைப் பற்றி நீங்கள் எழுதிய பகுதிக்கு நான் பதில் எழுதப் போவதில்லை, அது என் துறையில்லை.

பெறுபேறு வரும்வரை பிள்ளை சும்மா இருக்க வேண்டாம். சட்ட உதவி முகாம் நடந்தால் மொழிபெயர்க்கப் போகட்டும், காசு கேட்க வேண்டாம், பஸ் காசு கொடுத்தால் வாங்கட்டும். மூன்று மாதத்தில் இந்த வேலை அவளுக்குப் பிடிக்கிறதா, முகாமுக்கு வரும் லோயர் அக்காவின் கறுப்புக் கோட்டுத்தான் பிடித்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

சனிக்கிழமை காலை நான் வீட்டில்தான் இருப்பேன், கூட்டிக்கொண்டு வாருங்கள். சாதாரண தரப் பெறுபேற்றுத் தாள், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை மூன்றையும் எடுத்து வாருங்கள். புறப்படும் முன் மூன்றிலும் அவள் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதுதான் முதல் வேலை. சத்தியக்கடதாசியை அவளே எழுதிப் பழகட்டும், நான் பக்கத்தில் இருந்து திருத்துகிறேன்.